வாசல் திறந்திருக்கும் வீடு

"அம்மாவை இனித் தனிய விட ஏலாது" என்ற பேச்சு ஒரு வீட்டில் எழுந்துவிட்டால் அதற்குப் பிறகு எல்லாம் விரைவாகவே நடந்து முடிகிறது. பிள்ளைகளில் ஒருவர் கட்டாரில், ஒருவர் கொழும்பில், ஒருவர் கனடாவில். முடிவு தொலைபேசியில் எடுக்கப்படுகிறது. முதியோர் இல்லம் ஒன்றின் படங்களை யாரோ வட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள்: மாபிள் தரை, வரிசையாகப் புதுக் கட்டில்கள், சுவரில் சாமிப்படம், முற்றத்தில் பூஞ்செடி. மாதக் கட்டணம் எவ்வளவு, முற்பணம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். கட்டக்கூடிய தொகையாக இருந்தால் காரியம் முடிந்தது. கிழக்கிலங்கையின் வெருகல் ஆற்றங்கரையில் எழுபது வருடம் வாழ்ந்த ஒருவரின் மிச்சக் காலம் எங்கே கழியப்போகிறது என்பதை நான்கு படங்களும் ஒரு தொகையும் தீர்மானித்துவிடுகின்றன. இல்லம் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதன் வாசலை என்பதே என் வாதம். முதியவரைத் தெரிந்தவர்கள் நினைத்த நேரத்தில் உள்ளே போய்வர முடிகிறதா, முதியவர் தான் விரும்பும்போது வெளியே வந்துபோக முடிகிறதா என்று முதலில் கேட்க வேண்டும். சாப்பாடு, மருந்து, துப்புரவு, தாதி எல்லாம் அதற்குப் பிறகுதான். ஆட்கள் வந்துபோகும் இடத்தில்தான் அவை ஒவ்வொரு நாளும் ஒழுங்காக நடக்கின்றன.

கிழக்கு மாகாணத்துத் தமிழ் வீடுகளில் முதுமைக்கென்று ஓர் ஏற்பாடு இருந்தது. மகளுக்கு வீடும் வளவும் சீதனமாகப் போகும். மருமகன் அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். தாய் தகப்பன் கடைசி மகளோடோ, அதே வளவில் போட்ட சிறு வீட்டிலோ காலத்தைக் கழிப்பார்கள். வீட்டைக் கொடுத்தவர்களைப் பார்க்கும் பொறுப்பும் அந்த வீட்டோடு சேர்ந்தே மகளின் கைக்குப் போனது. அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை கரையோரக் கிராமங்களை அடித்துப் போனது. 2006 இல் மாவிலாற்றில் மூண்ட போர் ஈச்சிலம்பற்றுப் பகுதி மக்களை வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்கும் துரத்தியது. ஊர் திரும்பியபோது உழைக்கும் ஆண் இல்லாத குடும்பங்கள் பல. வீட்டைப் பெற்ற மகளே மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போனார். பேரப்பிள்ளைகளை அம்மம்மா வளர்த்தார். அவருக்கே ஆள் தேவைப்படும் வயது வந்தபோது பேரப்பிள்ளைகளும் வேலை தேடிப் போய்விட்டார்கள். நாடு முழுவதும் நிலைமை இந்தத் திசையில்தான் போகிறது. 2012 குடிசன மதிப்பீட்டில் இலங்கையரில் நூற்றுக்கு 12.4 பேர் 60 வயதைத் தாண்டியிருந்தார்கள். 2041 அளவில் நால்வரில் ஒருவர் அந்த வயதில் இருப்பார் என்பது கணிப்பு. முதியோர் இல்லம் என்ற பேச்சு இனி ஒருசில வீடுகளோடு நிற்கப்போவதில்லை.

பெற்றோரை இல்லத்தில் விடுவதே நமது பண்பாட்டுக்கு இழுக்கு, அதை எப்படித் தெரிவு செய்வது என்று பேசுவது எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கோபத்தில் இருக்கும் அன்பை நான் மதிக்கிறேன். பிள்ளைகளுக்குக் கடமை உண்டு என்பதைச் சட்டமும் சொல்கிறது. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பெற்றோரைக் கைவிடக் கூடாது என்கிறது. தன்னைத் தானே பராமரிக்க முடியாத முதியவர் பராமரிப்புச் சபையிடம் முறையிட்டுப் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் பெற அது வழி செய்கிறது. ஆனால் கடமையை எந்தக் கூரையின் கீழ் நிறைவேற்றுவது என்று சட்டம் சொல்லவில்லை. பண்பாடு என்று நாம் சொல்வதைப் பெரும்பாலும் சுமந்தவர்கள் மகளும் மருமகளும்தான். அவர்கள் வெளிநாட்டுக்கு உழைக்கப் போனபின், அவர்களின் கைகள் இங்கேயே இருப்பதுபோல் பேசுவது நியாயமில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெட்கம்தான் பல முதியவர்களைத் தூரத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. ஊர்ச்சனம் அறியக் கூடாது என்று மாவட்டம் தாண்டிய இல்லத்தைத் தேடுகிறார்கள். பிறகு போய்ப் பார்ப்பதும் குறைகிறது. முதியவருக்கு ஊர் வாசலை அடைப்பது அந்த இல்லமல்ல, நம்முடைய கூச்சம்.

சரி, போகத்தான் வேண்டும் என்றால் எதை வைத்து மதிப்பிடுவது? பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள் என்பார்கள். கட்டாயம் கேட்க வேண்டும். மேற்சொன்ன சட்டத்தின்படி ஐந்து பேருக்கு மேற்பட்ட முதியவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் நிறுவனம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பதிவு உண்டா என்று பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் விசாரிக்கலாம். பதிவில்லாத இல்லத்துக்கு ஒரு சதமும் கட்டக் கூடாது. ஆனால் சான்றிதழைக் கண்டதும் கேள்விகள் முடிந்துவிட்டதாக நினைப்பது பிழை. ஐந்து பேர் அல்லது அதற்குக் குறைவானவர்களை வைத்துப் பராமரிக்கும் வீடு இந்தப் பதிவுக்குள் வராது. பதிவான இல்லத்திலும் அந்தத் தாள் அதிகாரி வந்துபோன நாளின் நிலையைத்தான் சொல்லும். போன கிழமை இரண்டு வேலையாட்கள் விலகிப்போனதை அது சொல்லாது. இங்கிலாந்தில் பராமரிப்புத் தர ஆணைக்குழு பெரும்பாலும் முன்னறிவித்தல் இல்லாமல் இல்லங்களுக்குள் போய்ப் பார்த்து, 'மிகச் சிறப்பு' முதல் 'போதாது' வரை நான்கு தரங்களில் மதிப்பிட்டு, அறிக்கையை எவரும் படிக்கும்படி வெளியிடுகிறது. நமது ஊர்க் குடும்பம் ஒன்று எடுத்துப் படிக்க அப்படி ஓர் அறிக்கை கிடையாது. எனவே இங்கே பரிசோதகர் வேலையைச் செய்ய வேண்டியவர்கள் வந்துபோகும் உறவினரும் அயலவரும் பழைய சிநேகிதரும்தான்.

வாசல் மூடினால் என்ன நடக்கும் என்பதை வசதி படைத்த நாடொன்றே காட்டியிருக்கிறது. 2020 இல் கோவிட் முதல் அலையில் கனடாவில் இறந்தவர்களில் பத்துப் பேரில் எட்டுப் பேர் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருந்தவர்கள். நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் வாழும் ஒன்ராறியோ மாகாணத்தில் சில இல்லங்களுக்கு இராணுவத்தை அனுப்ப வேண்டி வந்தது. அந்த ஆண்டு மே மாதம் வெளிவந்த இராணுவ அறிக்கையை வாசித்தவர்கள் அதிர்ந்தார்கள். கிழமைக்கணக்கில் குளிப்பாட்டப்படாதவர்கள், உதவி கேட்டு நெடுநேரம் கூப்பிட்டும் ஆள் வராதவர்கள், கரப்பான் பூச்சி ஓடும் அறைகள் என்று அதில் எழுதியிருந்தது. வேலையாள் பற்றாக்குறை அங்கே முன்பே இருந்தது. ஆனால் தினமும் வந்து தாய்க்குச் சாப்பாடு ஊட்டிவிட்ட மகளும், மனைவியின் போர்வையைச் சரிசெய்த கணவனும் அந்தப் பற்றாக்குறையைத் தம் கையால் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். தொற்றுக்குப் பயந்து அவர்களை நிறுத்தியதும் குறை முழுவதும் வெளியே வந்தது. பின்னர் ஒன்ராறியோ குடும்பப் பராமரிப்பாளர்களை மீண்டும் உள்ளே விட்டது. ஒரு முதியவருக்கு நாளொன்றுக்குச் சராசரி நான்கு மணித்தியால நேரடிப் பராமரிப்பு என்ற இலக்கையும் சட்டத்தில் எழுதியது. பணமும் கட்டடமும் சட்டமும் இருந்த இடத்திலேயே இப்படி என்றால், பரிசோதகர் எப்போதாவது வரும் நமது நாட்டில் மூடிய வாசல் எவ்வளவு ஆபத்தானது என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே இல்லத்தைப் பார்க்கப் போகும் நேரம் முக்கியம். காலை பத்து மணிக்கு எல்லா இல்லமும் அழகாகத்தான் இருக்கும். கூட்டிக் கழுவி முடிந்திருக்கும், பொறுப்பாளர் கதிரையில் இருப்பார். பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு, சொல்லாமல் போங்கள். பகல் வேலையாட்கள் புறப்பட்டிருப்பார்கள், இரவுச் சாப்பாடு வரும் நேரம். கட்டிலில் இருப்பவரின் கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர்ப் போத்தல் இருக்கிறதா, அதன் மூடியை நடுங்கும் கையால் திறக்க முடியுமா என்று பாருங்கள். மீன்கறி வந்தால் முள் எடுத்துக் கொடுப்பது யார், திரும்பிப் போகும் தட்டுகளில் எவ்வளவு சோறு மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். கை நகத்தை விடக் கால் நகத்தைக் கவனியுங்கள். சீனி வருத்தம் உள்ளவரின் கால் நகத்தை வெட்டக் குனிந்திருந்து, அவசரப்படாமல் செய்யும் ஆள் வேண்டும். நகம் வளைந்து தசைக்குள் இறங்கியிருந்தால் அங்கே அதற்கு நேரமுள்ள ஆள் இல்லை. எழும்ப முடியாதவரின் இடுப்பிலும் குதிக்காலிலும் தோல் சிவந்திருந்தால் அவரை நேரத்துக்கு நேரம் புரட்டிப் படுக்கவைப்பதில்லை என்று விளங்கும். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று கேளுங்கள். இருபது பேருக்கு ஒருவர் என்றால், அவர் ஒருவரை மலசலகூடத்துக்குக் கூட்டிப்போகும் நேரத்தில் மற்றப் பத்தொன்பது பேருக்கும் ஆளில்லை. முதியவர்களை 'அம்மா', 'ஐயா' என்று கூப்பிடுகிறார்களா, கட்டில் இலக்கம் சொல்லிக் கூப்பிடுகிறார்களா என்று காது கொடுங்கள். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுமுன் அந்த முதியவர் பராமரிப்பாளரின் முகத்தைப் பார்த்தால், அதற்கு மேல் அங்கே எதையும் கேட்கத் தேவையில்லை.

மருந்தையும் ஆபத்தையும் பற்றி நேராகக் கேட்க வேண்டும். ஒவ்வொருவரின் கிளினிக் கொப்பியும் எங்கே இருக்கிறது, மாதக் கிளினிக்குக்கு யார் கூட்டிப் போகிறார், பிரஷர் குளிசையைக் கொடுத்ததும் எழுதி வைக்கிறார்களா, நடு இரவில் மூச்சுத் திணறினால் எந்த வைத்தியசாலைக்கு எந்த வாகனத்தில் கொண்டுபோவார்கள் என்பதற்கெல்லாம் தயங்காமல் பதில் வர வேண்டும். நமது பகுதிக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. வெருகல் ஆறு மகாவலியின் கிளை. மலைநாட்டில் கொட்டும் மழையில் ஒரு பங்கு இங்கே வந்துதான் கடலைச் சேர்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளம் வெருகல், மூதூர்ப் பக்கக் கிராமங்களை மூழ்கடித்தபோது, நடக்க ஏலாதவர்களை வெளியே எடுப்பது எவ்வளவு கடினம் என்று எல்லோரும் கண்டோம். ஆழிப்பேரலைக்குப் பின் அம்பாறை மாவட்டத்தில் இடம்பெயர்ந்தோரிடையே நடத்திய ஆய்வு ஒன்று, பெண்களும் சிறுவர்களும் முதியவர்களுமே கூடுதலாக இறந்ததைக் கண்டது. ஆகவே இல்லம் மேட்டில் இருக்கிறதா, தண்ணீர் ஏறினால் படுக்கையில் இருப்பவர்களை யார் தூக்குவார்கள், எங்கே கொண்டுபோவார்கள் என்று கேளுங்கள். பக்கத்து வீட்டு இளைஞர்களுக்கு அந்த இல்லத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் அவர்கள் முதலில் அங்கே ஓடிவருவார்கள். மதிலுக்குள் ஒதுங்கிய இல்லத்தை வெள்ளத்தில் எவரும் நினைப்பதில்லை.

ஆட்கள் வந்துபோகும் தூரத்தில் இல்லம் வேண்டும் என்பதற்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம் தூரத்தைப் பற்றியது. நல்ல வைத்தியமும் பயிற்சி பெற்ற தாதியரும் நகரத்தில்தானே, பக்கத்தில் இருக்கும் குறையான இடத்தைவிடத் தூரத்தில் இருக்கும் தரமான இடம் மேலல்லவா என்கிறார்கள். மூக்குக் குழாய் வழியாக உணவு, ஓயாத ஒட்சிசன், பெரிய புண்ணுக்குத் தினமும் மருந்து கட்டுதல் என்று தேவைப்படுகிறவருக்கு அது சரியான வாதம். அவருக்குப் பெரிய வைத்தியசாலை பக்கத்தில் இருக்கத்தான் வேண்டும். ஆனால் இல்லம் தேடும் எல்லோருக்கும் தேவை அதுவல்ல. குளிக்க ஒரு கை, நேரத்துக்குச் சாப்பாடு, மருந்தை எடுத்துக் கொடுக்க ஓர் ஆள், விழாமல் நடக்க ஒரு பிடி, பேச்சுத் துணை. இவ்வளவுதான் பலருக்கும் வேண்டியது. இவற்றுக்கு ஈச்சிலம்பற்று வைத்தியசாலையும் மூதூர்த் தள வைத்தியசாலையும் எட்டும் தூரத்தில் இருந்தால் போதும். முன்பு இறங்குதுறைகளில் காத்திருந்து கடந்த பாதையில் 2009 இல் கிண்ணியாப் பாலமும், அடுத்த சில ஆண்டுகளில் வெருகல் பாலமும் வந்த பிறகு திருகோணமலையும் அவ்வளவு எட்டாத இடமல்ல. மொழியையும் மறக்கக் கூடாது. மறதி நோய் முற்றும்போது பலருக்குப் பிந்திப் படித்த மொழி முதலில் விலகும்; தாய்மொழிதான் மிஞ்சும். "வயிறு எரியுது" என்று ஒரு கிழவி சொல்வது விளங்காத இடத்தில் எத்தனை தாதியர் இருந்தும் அவருக்குப் பயனில்லை. ஆவணியில் வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயிலில் கொடியேறிவிட்டதா என்று கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் இருப்பதும் பராமரிப்பில் சேர்ந்ததுதான்.

வாசல் வெளிப்பக்கமும் திறக்க வேண்டும் என்று சொன்னேன். போகிறவரின் சம்மதம் இல்லாமல் எந்த இல்லமும் நல்ல இல்லமாகாது. இரண்டு மூன்று இடங்களை அவருக்கே காட்டி, அவர் வாயால் பதில் கேட்க வேண்டும். முதலில் இரண்டு கிழமை தங்கிப் பார்க்கட்டும். பிடிக்கவில்லை என்றால் கேள்வி கேட்காமல் கூட்டிவர வேண்டும். குறைந்தது மூன்று மாதமாவது அவரது வீட்டை வாடகைக்குக் கொடுக்கவோ, ஆடு மாட்டை விற்கவோ வேண்டாம். திரும்ப ஒரு வீடு இருக்கிறது என்ற நினைப்பே மனத்துக்குப் பலம். இந்தக் காலத்தில் காணி உறுதி எதிலும் அவரிடம் கையெழுத்து வாங்கக் கூடாது, அது பிள்ளையின் பெயருக்கானாலும் சரி, இல்லத்தின் பெயருக்கானாலும் சரி. இடையில் விலகினால் முற்பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பது தமிழில் எழுதப்பட்டிருக்க வேண்டும். தொற்று வரும், ஒழுங்கு கெடும், மற்றவர்களுக்கு இடைஞ்சல் என்று சொல்லிப் பார்வையாளரைக் கட்டுப்படுத்தும் இல்லங்கள் உண்டு. கை கழுவிவிட்டு வாருங்கள், மதிய உறக்க நேரத்தில் வராதீர்கள், குளிப்பாட்டும் அறைக்குள் நுழையாதீர்கள் என்பவை நியாயமான ஒழுங்குகள். மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும், அதுவும் அலுவலக அறையில் மட்டும் சந்திக்கலாம் என்பது ஒழுங்கு அல்ல, மறைப்பு.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, வெருகலில் தேர்ந்தெடுக்கப் பத்து இல்லங்களா இருக்கின்றன என்று ஒருவர் திருப்பிக் கேட்கலாம். இல்லைதான். அதனால்தான் மதிப்பிடும் அளவுகோலே கட்டியெழுப்பும் அளவுகோலாகவும் இருக்க வேண்டும் என்கிறேன். யப்பான் 2006 இல் ஒரு முறையைத் தன் முதியோர் பராமரிப்புக் காப்புறுதித் திட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஊருக்குள்ளேயே ஒரு சிறிய நிலையம். பகலில் வந்து இருக்கலாம், தேவைப்பட்டால் சில இரவுகள் தங்கலாம், வர முடியாத நாளில் அதே பராமரிப்பாளர் வீட்டுக்கு வருவார். ஒரு நிலையத்தில் பதிவு 29 பேருக்கு மேல் போகக் கூடாது. கேரளத்தின் மலப்புறத்தில் அயலவர்களே பயிற்சி பெற்று, படுக்கையில் இருப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வலையமைப்பு வளர்ந்தது. 2008 இல் அந்த மாநில அரசு அதைத் தன் கொள்கையிலும் ஏற்றது. இரண்டிலும் முதியவர் ஊரைவிட்டுப் போகவில்லை. பணம் எங்கே என்பார்கள். 70 வயதைத் தாண்டிய, வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் மாதக் கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ஆக உயர்ந்தது. நாளொன்றுக்கு 170 ரூபாவும் இல்லை; அதை வைத்து எவரையும் இல்லத்தில் வைத்துப் பராமரிக்க முடியாது. ஆனால் பகல் நிலையம் ஒன்றுக்கு வேண்டியது ஒரு மண்டபம், ஒரு நேரச் சாப்பாடு, ஊரிலேயே பயிற்சி பெற்ற நாலைந்து பேரின் சம்பளம். பல்தேவைக் கட்டடங்களும் கிராமத்து முதியோர் சங்கங்களும் இருக்கின்றன. தூர இல்லத்துக்கு மாதம் மாதம் போகும் வெளிநாட்டுப் பணத்தில் ஒரு பங்கு இங்கே நின்றால் ஊர்ப் பெண்கள் சிலருக்கு வேலையும் கிடைக்கும். மத்திய கிழக்குக்குப் போக வேண்டிய தேவையும் அவர்களுக்குக் குறையும்.

பிரதேச செயலகமும் கிழக்கு மாகாண சமூக சேவைத் திணைக்களமும் முதியோர் சங்கங்களும் இப்படியொரு பகல் நிலையத்தைத் தொடங்க வேண்டும். கோயில் நிருவாகங்களும் புலம்பெயர்ந்த பிள்ளைகளும் தோள் கொடுக்க வேண்டும். அது வரும்வரை குடும்பங்கள் இருப்பதில்தான் தெரிவு செய்யப்போகின்றன. அவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். முற்பணம் கட்டுவதற்கு முதல்நாள் ஒரு தாளை எடுத்து, அந்த இல்லத்துக்குக் கிழமைக்கு ஒருமுறையாவது நேரில் போய் வரப்போகிறவர்களின் பெயர்களை எழுதுங்கள். மருமகள், பெறாமகன், முன்வீட்டு அக்கா, பழைய கூட்டாளி, யாராக இருந்தாலும் சரி. ஆனால் அவர்களிடம் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகு எழுதுங்கள். பஸ் காசை நீங்கள் கொடுங்கள். அந்தத் தாளில் மூன்று பெயராவது சேரவில்லை என்றால் அந்த இல்லம் உங்கள் அம்மாவுக்கு இன்னும் பொருத்தமான இடமல்ல. வேறு இடம் தேடுங்கள், அல்லது அந்த மூன்று பேரைத் தேடுங்கள்.